நம்ம கம்பெனி

முப்பது நாள் என்று எழுதியிருந்தது.
பதிவுத் தபாலில் வந்ததை
பீடோர் தபால் நிலையத்துக் கவுண்டரிலேயே பிரித்தேன்.
நான் நகராததால் பின்னால் நின்ற சீனர்
இரண்டு முறை இருமினார்.

ஒப்பந்தத்தின் பதினொன்றாம் பிரிவின்படி,
காரணம் ஏதும் கூறாமல்.
கீழே ஒரு கையெழுத்து,
அடித்துப்போட்ட கொசு மாதிரி.

பத்தொன்பது வருஷமாய் நான் விற்றது
செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளும்
அதைத் தூக்கிப் பிடிக்கும் அலுமினியக் கழியும்.
எந்தத் தோட்டத்தில் மரம் எத்தனை அடி,
எந்த மண்டோர் சம்பளத்துக்கு மறுநாள் மட்டும் ஃபோன் எடுப்பார்,
பெருமழைக்கு எந்தப் பாலம் முதலில் முழுகும்,
எல்லாம் என் கான்சில் டயருக்குத் தெரியும்.
பொம்பளை அரிவாள் விற்கிறாள் என்று
சிரித்தவர்களுக்கும் விற்றேன்.

"நீ இருக்கும்வரை இந்த வட்டாரம் உன்னுடையது"
மேனேஜர் ஊய் சொன்னது.
எழுத்தில் உண்டா என்று கேட்டார் என் வக்கீல் திலகேஸ்வரி.
கல்யாண விருந்தில் சொன்னார், மீன் வரும்போது.
சாட்சிக்கு அழைக்கலாமா?
நீலாயில் இருக்கிறார், ஜாடியில்.
திலகேஸ்வரி பேனாவை மூடிவிட்டார்.

தாப்பா நீதிமன்றத்தில்
ஏர்கோன் பல்லைக் கிட்டவைத்தது.
நான் தமிழில்தான் பேசினேன்:
"நம்ம கம்பெனிக்கு நான் என்ன குறை வைத்தேன்?"
மொழிபெயர்ப்பாளர் இன்பநாதன் தயங்கினார்.
மலாயிலும் இந்தக் கதவு உண்டு:
கேட்பவரையும் உள்ளே விட்டால் கீத்தா,
வெளியே நிறுத்தினால் காமி.
அவர் கீத்தா என்றார்.

கம்பெனி வக்கீல் எழுந்துவிட்டார்.
இவர் எங்களில் ஒருவர் அல்லர்,
ஊழியரும் அல்லர், முகவர்,
அதுவும் முன்னாள்.
திருத்திப் பதிவு செய்தார்கள்:
அந்தக் கம்பெனி.
இன்பநாதன் என் பக்கம் பார்க்கவில்லை.

அப்புறம் பதினேழாம் பிரிவு.
வாடிக்கையாளர் விவரம் முழுதும் கம்பெனிச் சொத்து,
ஒப்படைக்க வேண்டும்.

ஒப்படைத்தேன்.
பாசார் பையிலிருந்து எடுத்து அடுக்கினேன்
நாற்பத்தோரு 555 புத்தகங்கள்,
வருஷத்துக்கு ஒரு ரப்பர் வளையம்.
பெயர், தோட்டம், ஃபோன் நம்பர்;
எதிரே சிவப்பு மையில் வரவேண்டிய பாக்கி.
குலை விலை விழுந்த வருஷம்
பாதிப் பேர் கடனுக்குத்தான் வாங்கினார்கள்.
கம்பெனிக்கு மட்டும் தேதி தவறவில்லை,
என் இன்சூரன்சை உடைத்துக் கட்டினேன்.
எண்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி.

"ஆள் உங்க ஆள் என்றால்
அவன் கடனும் உங்க கடன்தானே?"

இதை மலாயில் சொல்ல
இன்பநாதனுக்கு ஒரு நொடி போதும்.

கம்பெனி வக்கீல் மேல் புத்தகத்தைத் தொட்டார்.
அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியோ என்னவோ,
கையை எடுத்துக்கொண்டார்.
கடன் கொடுக்க யார் அனுமதித்தது என்றார்.
பத்து நிமிடம் ஒத்திவைப்பு.
அது அடுத்த மாதமானது,
அப்புறம் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு,
அப்புறம் நீதிபதிக்கு இடமாற்றம்.

நேற்று ஒரு பையன் வீட்டு வாசலில் வந்து நின்றான்.
கழுத்தில் கம்பெனி அட்டை, பெயர் ரிஷிவர்மன்.
வேன் கூரையில் கழிகள், சிவப்புத்துணி கட்டாமல்.
"அக்கா, பாலம் முழுகிட்டு, டிவிஷன் மூணுக்கு
வேற வழி இருக்கா?"

வழியும் வாடிக்கையாளர் விவரத்தில் சேருமா?
திலகேஸ்வரியைக் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது.
கேஸ் நடக்குதுப்பா என்றேன்.
அவன் தலையாட்டிவிட்டு
நனைந்துகொண்டே நின்றான்.

முதலில் சிவப்புத்துணி கட்டு, போலீஸ் பிடிப்பான்.
சூராவ் தாண்டி இடப்பக்கம் ஒடி.
செம்மண் ரோட்டில் ரெண்டு மைல்,
நம்ம ஸ்டோர் வரும்.

வாய் தவறித்தான் வந்தது.
பதிவு செய்ய அங்கே யாரும் இல்லை.